கால் டிகிரியின் கணக்கு

டொயோட்டா 86 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் 2012-இல் விற்பனைக்கு வந்தது. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய கார் அது. சுபாரு பெயரில் வந்த அதன் இரட்டைக்கு பிஆர்இஸட் என்று பெயர். எஞ்சின் முன்னால், உந்துவது பின்சக்கரங்கள், எடை சுமார் 1,240 கிலோ. வாங்கிய பலர் அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய காயில்ஓவர், ஸ்ட்ரட்டின் தலையை உள்ளே தள்ளி வைக்க உதவும் கேம்பர் பிளேட், நீளத்தை மாற்றக்கூடிய பின் லோயர் ஆர்ம் என்று ஒவ்வொன்றாகப் பெட்டியில் வந்து இறங்கும். கைப்பழக்கம் உள்ளவர் ஒரு சனி ஞாயிறில் எல்லாவற்றையும் பூட்டிவிடலாம். கார் தாழ்ந்து, டயருக்கும் பாடிக்கும் இடையிலிருந்த இடைவெளி குறைந்து, பார்க்க அழகாக நிற்கும். ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பழைய காரைவிட மோசமாகவே ஓடும்.

பாகம் மட்டமானது என்பதல்ல காரணம். தொழிற்சாலையிலிருந்து வரும் 86-இல் சாதாரண வீல் அலைன்மென்ட் கடையில் மாற்றக்கூடியது முன்சக்கர டோவும் பின்சக்கர டோவும்தான். மற்றக் கோணங்கள் வார்ப்பிலும் துளையிட்ட இடத்திலும் நிலைத்துவிட்டவை. பொறியாளர்கள் ஒரு முடிவெடுத்து அதை இரும்பில் பூட்டிவைத்திருந்தார்கள். மாற்றக்கூடிய பாகம் அந்தப் பூட்டைத் திறக்கிறது. ஆர்மின் நீளம், ஸ்ட்ரட்டின் சாய்வு, உயரம் எல்லாம் இனி உங்கள் கையில். அந்தப் பொறியாளர்கள் எடுத்த முடிவுகளை இனி யாராவது எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால், ஸ்பேனர் எந்த இடத்தில் நின்றதோ அதுவே முடிவு.

இந்தக் கோணங்களில் டயரைத் தின்பது டோ. மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். 86-இன் 17 அங்குல டயரின் விட்டம் ஏறக்குறைய 625 மி.மீ. ஒரு சக்கரத்தில் கால் டிகிரி டோ இருந்தால் அதன் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் 2.7 மி.மீ. மட்டுமே. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கார் நேராகப் போகும்போது அந்தச் சக்கரம் கால் டிகிரி குறுக்கே போகப் பார்க்கிறது, கார் அதை விடுவதில்லை. கிலோமீட்டருக்கு 4.4 மீட்டர் வீதம் ரப்பர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டருக்கு 44 கிலோமீட்டர். அந்தத் தூரம் டயரைத் தரையில் வைத்துக் குறுக்காகத் தேய்த்துக்கொண்டு போனதாக வைத்துக்கொள்ளலாம். (ரப்பர் வளைந்துகொடுப்பதால் முழுவதும் வழுக்கலாக நிகழ்வதில்லை என்றாலும், தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.)

கால் டிகிரி என்பது எவ்வளவு சிறிய அளவு என்பதை, முன்சக்கர டோவை மாற்றத் திருப்பும் டை ராட்டில் பார்க்கலாம். அதன் மரை பொதுவாகச் சுற்றுக்கு ஒன்றரை மி.மீ. நகரும். ஸ்டியரிங் ஆர்மின் நீளம் 13 செ.மீ. என்று கொண்டால், டை ராட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால் டோ 0.66 டிகிரி மாறும். அதாவது கால் டிகிரிக்கு அரைச் சுற்றுகூட வேண்டாம். லாக் நட்டை இறுக்கும்போது ராட் கொஞ்சம் சேர்ந்து சுழன்றாலே போட்ட கணக்கெல்லாம் போயிற்று. நல்ல மெக்கானிக் இறுக்கிய பிறகு ஒருமுறை அலைன்மென்ட் இயந்திரத்தின் திரையைப் பார்ப்பது இதற்காகத்தான்.

டோவின் இன்னொரு முகம் நிலைத்தன்மை. முன்சக்கரத்தில் சிறிது டோ-அவுட் வைத்தால் கார் திருப்பத்தில் சட்டென்று தலையைத் திருப்பும், நெடுஞ்சாலையில் அலைபாயும். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு முன்னே இதை வைப்பதுண்டு. பின்சக்கரத்தில் டோ-அவுட் என்பது வேறு கதை. வேகமான வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் பின்பகுதி வெளியே வீசப்படும். பின்சக்கரத்தால் உந்தப்படும் காரில் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு இது கூடவே கூடாது. பின்னே எப்போதும் கொஞ்சம் டோ-இன், இரு பக்கமும் சமமாக.

சமமாக என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின் இடதுசக்கரத்தில் 0.20 டிகிரி டோ-இன், வலதில் சுழியம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பார்த்தால் சரியாகத் தோன்றும். ஆனால் பின்அச்சு தள்ளும் திசை 0.10 டிகிரி வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஓட்டுநர் நேராகப் போக வேண்டுமானால் முன்சக்கரங்களையும் அதே அளவு வலப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். கார் நண்டு நடை நடக்கும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். முன்சக்கரத்தை எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் இது தீராது. பழைய கடைகளில் முன்சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பிய காலத்தில் ‘ஸ்டியரிங் கோணல்’ என்று திரும்பத் திரும்ப வந்த வண்டிகளில் ஒரு பகுதி இப்படிப்பட்டவையே.

கேம்பருக்கு வருவோம். முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். கீழே குறுகி மேலே விரிந்த டீ கிளாஸைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால் நேராகப் போகாமல் வட்டமடிக்கும். சாய்ந்து உருளும் டயருக்கும் அதே ஆசைதான். சாய்ந்த பக்கம் திரும்பப் பார்க்கும், பார்க்கவிடாமல் காரின் சட்டம் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிவாதத்தால் டயர் சாய்ந்த பக்கம் ஒரு தள்ளுவிசை பிறக்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் இந்த விசை திருப்பத்துக்குத் துணை. அதைவிட முக்கியமானது, வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது சக்கரமும் சேர்ந்து சாய்ந்துவிடும் என்பது. நிற்கும்போதே உள்ளே சாய்த்து வைத்திருந்தால் வளைவின் உச்சத்தில் டயர் கிட்டத்தட்ட நேராக நின்று, அகலம் முழுவதும் தரையில் படியும்.

எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது சஸ்பென்ஷனின் வகையைப் பொறுத்தது. 86-இன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் டபுள் விஷ்போன். எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் அமைப்பு 1950-இல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்து உலகம் முழுவதும் பரவியது. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கமும் அதுதான். பாகம் குறைவு, விலை மலிவு, எஞ்சினுக்கு இடம் தாராளம். அதன் பலவீனம் கேம்பரில் இருக்கிறது. சக்கரம் மேலேறும்போது டபுள் விஷ்போன் அதைத் தன்பாட்டில் உள்ளே சாய்க்கும். ஸ்ட்ரட் கொஞ்சமே சாய்க்கும். காரைத் தாழ்த்தி லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விட்டால், ஒரு கட்டத்துக்குப் பின் அந்தக் கொஞ்சமும் போய், சக்கரம் வெளியே சாயத் தொடங்கும்.

ஆகவே 86-ஐ 25 மி.மீ. தாழ்த்தியவருக்கு நடப்பது இது. பின்சக்கரங்கள் ஏற்கெனவே ஒரு டிகிரிக்குச் சற்று மேல் உள்சாய்ந்தவை, மேலும் சாய்கின்றன. முன்சக்கரங்கள் தொழிற்சாலையில் ஏறத்தாழ நேராக நின்றவை, பெரிதாக மாறுவதில்லை. பின்பக்கம் பிடி கூடி முன்பக்கம் அப்படியே இருந்தால் கார் வளைவில் மூக்கை வெளியே இழுக்கும். போதாததற்கு, ஸ்ட்ரட் அமைப்பில் காரை 25 மி.மீ. இறக்கினால் அது சாயும்போது சுழலும் மையமான ரோல் சென்டர் 25 மி.மீட்டரைவிட அதிகமாக இறங்கும். தாழ்த்தினால் சாய்வு குறையும் என்று எண்ணி வாங்கியவரின் காரில், சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிடுகிறது. கடினமான ஸ்பிரிங்தான் அதை மறைக்கிறது. டை ராட்டும் லோயர் ஆர்மும் வேறு வேறு வட்டங்களில் ஏறி இறங்குவதால், ஒரு மேட்டில் ஏறும்போதே டோ தானாக மாறும் தொல்லையும் சேரும். அளவோடு தாழ்த்துங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு ஜியோமெட்ரி இருக்கிறது.

கேம்பர் பிளேட்டும் பின் லோயர் ஆர்மும் இங்கேதான் வேலைக்கு வருகின்றன. முன்னே ஸ்ட்ரட்டின் மேல்முனையைச் சுமார் 10 மி.மீ. உள்ளே நகர்த்தினால் ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர் கிடைக்கும். பின்னே லோயர் ஆர்மைச் சிறிது குறுக்கினால் சக்கரத்தின் அடி உள்ளே வந்து, மிகுந்த சாய்வு குறையும். இப்படி முன்னும் பின்னும் சமநிலைக்கு வரும். ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். முன்சக்கரத்தின் தலையை உள்ளே தள்ளும்போது ஸ்டியரிங் ஆர்மும் உள்ளே போகப் பார்க்கிறது. டை ராட்டின் நீளம் மாறாததால் அது தடுக்கிறது. ஸ்டியரிங் ஆர்ம் அச்சுக்குப் பின்னே இருக்கும் காரில் இதன் விளைவு டோ-இன், முன்னே இருந்தால் டோ-அவுட். பின்சக்கரத்திலும் லோயர் ஆர்மைக் குறுக்கினால் டோ கூடவே நகரும். அதனால் டோ எப்போதும் கடைசி. கேம்பரைத் தொட்டவர் டோவை மறுபடி பார்க்காமல் காரைத் தரையில் இறக்கக் கூடாது.

மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1989-இல் வந்த அந்தச் சிறிய காரில் நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன். லோயர் ஆர்ம்களின் உள்முனைகளில் மையம் விலகிய கேம் போல்ட்டுகள். ஸ்பேனரால் திருப்பினால் கேம்பரும் காஸ்டரும் பின்சக்கர டோவும் நகரும். எந்தப் பாகமும் வாங்காமலே கோணங்களை மாற்றலாம். ஆனால் அங்கேயும் ஒரு போல்ட்டைத் திருப்பினால் இரண்டு கோணங்கள் சேர்ந்து அசையும். ஆகவே இந்தத் தலைவலி விலையுயர்ந்த பாகங்களால் வந்ததல்ல, வடிவியலோடு பிறந்தது.

காஸ்டரைப் பற்றிச் சுருக்கமாக. பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் சுழலும் அச்சின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. 6 டிகிரி காஸ்டர் இருந்தால், அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளி டயரின் மையத்துக்கு ஏறக்குறைய 33 மி.மீ. முன்னே விழும். ஸ்டியரிங்கை விட்டதும் தானாக நேராவது பெரிதும் இதனால்தான். ஓட்டுநருக்கு இன்னொரு லாபம்: 10 டிகிரி திருப்பினால் வெளிப்பக்கச் சக்கரம் சுமார் ஒரு டிகிரி நெகட்டிவ் பக்கம் சாயும். கேம்பரை நிரந்தரமாக வைத்து டயரின் உள்விளிம்பைத் தேய்ப்பதைவிட, திருப்பும்போது மட்டும் கிடைக்கும் இந்தச் சாய்வு நல்ல பேரம். காஸ்டரை நேரடியாக அளக்க வழியில்லை. சக்கரத்தை 20 டிகிரி இடமும் 20 டிகிரி வலமும் திருப்பி, கேம்பர் எவ்வளவு மாறியது என்று பார்த்து, அதை ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்க வேண்டும். கடையில் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்வது இந்தக் கணக்குக்காகத்தான்.

இனி புஷ். பலரும் இதை அலைன்மென்ட்டோடு சேர்த்து நினைப்பதில்லை. ஆர்ம் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் அதிர்வை உறிஞ்ச மட்டும் இருக்கிறது என்று எண்ணிக் கழற்றி எறிந்துவிட்டு, உலோகப் பந்து பொருத்திய ஆர்மைப் போடுவார்கள். உண்மையில் புஷ் என்பது ஓடும்போது கோணத்தை மாற்றும் கருவி. போர்ஷே 1977-இல் கொண்டுவந்த 928 காரின் பின்சஸ்பென்ஷனுக்கு, அதை வடிவமைத்த ஆராய்ச்சி மையம் இருக்கும் வைசாக் ஊரின் பெயரே வந்தது. வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ பிரேக் பிடித்தாலோ சாதாரணக் காரின் பின்சக்கரம் ரப்பரின் நெகிழ்ச்சியால் டோ-அவுட் பக்கம் போகும். வைசாக் பொறியாளர்கள் இணைப்புகளை அமைத்த விதத்தில் அதே நெகிழ்ச்சி சக்கரத்தை டோ-இன் பக்கம் திருப்பியது. மாஸ்டாவும் 1985-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இல் இதே வகை எண்ணத்தை வேறு விதமாகச் செய்தது. பக்கவிசை குறைவாக இருக்கையில் பின்சக்கரத்தில் சிறிது டோ-அவுட், விசை ஏறியதும் டோ-இன், எல்லாம் புஷ்ஷின் இளக்கத்தால். அந்தக் கார்களைத் தடத்தில் ஓட்டியவர்கள் பலர், அடுத்த நொடி பின்சக்கரம் என்ன செய்யும் என்று கணிக்க முடியவில்லை என்று சொல்லி, அந்தப் புஷ்ஷை எடுத்துவிட்டு அசையாத புஷ்ஷைப் போட்டார்கள். இருவரும் சரிதான். ரோட்டில் போகிறவரைக் காப்பாற்ற வைத்த நெகிழ்ச்சி, எல்லையில் ஓட்டுகிறவருக்குத் தடை.

உலோகப் பந்து போட்டவருக்கு நிறுத்திய கோணம் ஓடும்போதும் பெரிதும் அப்படியே நிற்கும். அதனால் ரப்பரின் அசைவை ஈடுகட்டக் கூட்டி வைக்கும் டோ-இன்னைக் குறைக்கலாம். விலையாகச் சத்தமும் அதிர்வும் வரும், தூசியில் பந்து சீக்கிரம் தேயும். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

ரப்பர் புஷ்ஷை வைத்துக்கொண்டவர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜாக்கில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கிய நிலையே புஷ்ஷின் ஓய்வுநிலை ஆகிவிடும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கூடுதல் ஸ்பிரிங் போல் காரைத் தூக்கிப் பிடிக்கும். உயரம் தவறும், அதோடு கோணமும் தவறும், சில மாதங்களில் ரப்பரும் கிழியும். கார் தன் எடையில் நிற்கும்போதுதான் அந்தப் போல்ட்டுகளுக்குக் கடைசி இறுக்கு.

வரிசையும் இதிலிருந்தே பிறக்கிறது. முதலில் டயர்க் காற்று, பிறகு உயரம். காரை முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்கை அமர வைத்து, உயரத்தை மறுபடி பார்க்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தராசு வைத்துக் குறுக்கு எடையைச் சமன்செய்ய விரும்புகிறவர் அதையும் இப்போதே முடித்துவிட வேண்டும்; ஏனென்றால் அது உயரத்தை மாற்றும், உயரம் மற்ற எல்லாவற்றையும் மாற்றும். ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு ஈடான பாரம் வைப்பது இவ்வளவு லேசான காரில் வீண் ஆடம்பரமல்ல. பிறகு பின்சக்கரக் கேம்பர், பின்சக்கர டோ. அதன் பிறகே முன்னே காஸ்டர், கேம்பர், ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு டோ.

இதற்கு லட்சங்கள் மதிப்புள்ள இயந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. காரின் இருபுறமும் நூல் கட்டி, ஸ்டீல் ஸ்கேலால் விளிம்பிலிருந்து நூல்வரை அளக்கும் முறையைப் பந்தயக் குழுக்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. 86-இல் முன்சக்கரங்களுக்கிடையே 1,520 மி.மீ., பின்னே 1,540 மி.மீ. ஆகவே நூல் காருக்கு இணையாக ஓட வேண்டுமானால் முன் ஹப்பிலிருந்து அதன் தூரம், பின் ஹப்பிலிருந்து உள்ளதைவிட 10 மி.மீ. அதிகமாக இருக்க வேண்டும். இதை மறந்து நான்கு இடத்திலும் ஒரே தூரம் வைத்தால் நூலே கோணல். அப்புறம் அளப்பதெல்லாம் கோணல்தான். பொறுமை இருந்தால் அரை மில்லிமீட்டர்வரை துல்லியம் கிடைக்கும்.

கேமரா வைத்த நவீனக் கடைக்குப் போகிறவருக்கு வேறு ஆபத்து. திரையில் எண் பச்சையாக வந்தால் சரி, சிவப்பாக வந்தால் தவறு என்ற பழக்கம். அந்தப் பச்சை, தொழிற்சாலை நிலையிலுள்ள காருக்கானது. தாழ்த்திய 86-க்கு முன்னே இரண்டு டிகிரி நெகட்டிவ் கேம்பர் வேண்டும் என்று நீங்கள் கேட்டால் திரை சிவக்கும். ‘ரெட்ல இருக்கு சார்’ என்று கடைக்காரர் தயங்குவார். மறுபக்கம், பச்சையை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். முக்கால் டிகிரி இப்படியோ அப்படியோ இருக்கலாம் என்று கேம்பருக்குத் தளர்வு தரும் கார்கள் உண்டு. ஒரு பக்கம் 0.7 நெகட்டிவ், மறுபக்கம் 0.7 பாசிட்டிவ் என்றால் இரண்டும் பச்சை. பாசிட்டிவ் பக்கம் கார் இழுத்துக்கொண்டே போகும். இன்னொரு பொறி, அளவு காட்டும் முறை. சில இயந்திரங்கள் டிகிரியைத் தசமத்தில் காட்டும், சில டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும். 0.10 என்பதும் 0°10' என்பதும் ஒன்றல்ல, பின்னது 0.17 டிகிரி. டோவில் அந்த வித்தியாசம் பெரிது.

எந்த எண்களை வைப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. ரோட்டோடு எப்போதாவது தடத்துக்கும் போகும் 86-க்கு முன்னே ஒன்றரை முதல் இரண்டரை டிகிரிவரை நெகட்டிவ் கேம்பர், பின்னே அதைவிடச் சற்றுக் குறைவு, முன்டோ சுழியம், பின்னே சிறிது டோ-இன் என்று தொடங்குவது வழக்கம். தொடக்கம் மட்டுமே. மீதியை டயர் சொல்லும். சில சுற்று வேகமாக ஓட்டி வந்தவுடன் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பத்தை ஊசி வெப்பமானியால் அளக்க வேண்டும். வெளிவிளிம்பு அதிகம் சுட்டால் கேம்பர் போதவில்லை. உள்விளிம்பு சற்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் சரி, மிகுதியாகச் சுட்டால் சாய்வு அதிகம்.

எனவே அலைன்மென்ட்டுக்கான செலவையும் பாகத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். கடையில் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள்; தராத கடைக்கு மறுமுறை போகாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஸ்பிரிங்கும் புஷ்ஷும் அமர்ந்திருக்கும், உயரம் சிறிது இறங்கியிருக்கும். அப்போது அந்தப் பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு போய், டோவை மறுபடி ஒருமுறை பாருங்கள்.